அண்ணி எழுந்து நின்ற நாள்

அந்த டாக்டரம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில், நீல பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து என் அண்ணியை மேலும் கீழும் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் பார்க்க வந்தது வருடக்கணக்கில் முடியாமல் கிடக்கிற ஒரு பெண்ணை. ஆனால் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அடுப்படியிலிருந்து கேசரி வாசனை வந்தது. அண்ணி தலை குளித்து, புதுச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, சுவரில்கூடச் சாயாமல் நின்றார். யார் நோயாளி என்று டாக்டருக்கே ஒரு நிமிடம் குழம்பியிருக்க வேண்டும். முதலில் என்னைத்தான் பார்த்து, "நீங்கதானேம்மா அவங்க?" என்று கேட்டார். நான் அப்போதும் இப்போதும் ஒல்லி. நாலு பேர் முன்னால் நின்றால் முகம் தானாக வாடிவிடும்.

எங்கள் ஊர் பூதலூரிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையில் இருக்கிறது. என் கணவர் தவறிய பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அண்ணன் குவைத்தில் வேலை பார்த்தார். வயலும் மாடும் வீடும் அண்ணியின் பொறுப்பு. நடவுக்கு ஆட்களை அமர்த்திவிட்டுத் தானும் சேற்றில் இறங்கிவிடுவார். அவர் கைவேகத்துக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க முடியாது. ஒரு மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்து தெருவையே படுக்க வைத்தது. எனக்கும் அண்ணிக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் எழுந்தோம். அறுவடைக்குள் எனக்குச் சரியாகிவிட்டது. அண்ணிக்கு ஆகவில்லை. காய்ச்சல் போய்விட்டது, வலி போகவில்லை. ஒரு நாள் நன்றாக நடமாடுவார், வேலைகளை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார். மறுநாளோ அதற்கு மறுநாளோ விழுந்துவிடுவார். விழுந்தால் தலைமுடி தலையணையில் படுவதுகூட வலிக்கிறது என்பார். தஞ்சாவூரில் பார்க்காத டாக்டர் இல்லை. எடுத்த எல்லா டெஸ்ட்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் அண்ணியின் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று ஒருவர் ஏங்குவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் சித்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, காதில் விழட்டும் என்றே பேசுவார். "காய்ச்சல் வந்தவ எல்லாம் களை பறிக்கப் போயிட்டா. இந்த வீட்டு மகாராணிக்கு மட்டும் இன்னும் விடல பாரு." அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு டெஸ்ட்டில் வருவதுதான் கணக்கு. "எல்லாம் நார்மல்னு வருது பாப்பா. மனசுலதான் ஏதோ. கொஞ்ச நாள் அவ அண்ணன் வீட்டுல போய் இருக்கட்டுமே" என்று போனில் என்னிடம் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தான் நட்ட வயலை விட்டு, நோயாளி என்ற பெயர்கூட இல்லாமல் பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அதை நினைத்துத்தான் அண்ணி பயந்தார்.

அப்போதுதான் இந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். ஒரே காய்ச்சல் சிலரை விட்டுவிடுகிறது, சிலரை ஏன் விடுவதில்லை என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்களாம். ஒரே வீட்டில் குணமானவர் ஒருவரும் குணமாகாதவர் ஒருவரும் இருந்தால் நல்லதாம். அதனால் என் ரத்தமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. டாக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றதும் அண்ணி விடியும் முன்பே எழுந்துவிட்டார். நான் கோலம் போடுகிறேன் என்றேன், காபி போடுகிறேன் என்றேன், எதற்கும் விடவில்லை.

"வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி படுத்துக் கெடக்கச் சொல்றியா? அவங்க என்ன நெனைப்பாங்க?"

"நோயாளின்னு நெனைப்பாங்க அண்ணி. அதுக்குத்தானே வர்றாங்க."

"நீ சும்மா இரு பாப்பா."

டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, அண்ணியை நடக்கச் சொன்னார். அண்ணி கூடத்தில் நிமிர்ந்து நடந்தார். ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். "பரவாயில்லையே, நல்லா பலமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். அண்ணி சிரித்தார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் சிரிப்பு அது. எதில் தேறினோம் என்பது உடனே உறைத்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எப்படியோ டாக்டர் வந்த வேன் வரைக்கும் போய்விட்டேன். "மேடம், நாளன்னிக்கு ஒரு தடவ வாங்க. சொல்லாம வாங்க."

"ஏம்மா?"

"இன்னிக்கு நீங்க பாத்தது அவங்க இல்லைங்க."

டாக்டர் வந்தார். அண்ணி பின்னறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, கண்ணில் ஈரத்துணியோடு கிடந்தார். ஃபேன் சத்தம்கூடத் தாங்கவில்லை என்று நிறுத்தியிருந்தோம். குரலைக் கேட்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் நாற்காலி கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மெதுவாகக் கையை எடுத்து, திரும்பவும் ரத்தம் எடுத்துக்கொண்டார். அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

வாட்ஸப்பில் அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பார்க்கத் தெரிஞ்ச டெஸ்ட் எல்லாம் நார்மல்தான் சார். பார்க்கத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கு. அவங்களுக்கு நோய் இருக்கு. அது ஏன்னு எங்களுக்கு இன்னும் தெரியல."

அன்று சாயங்காலம் அண்ணன் போனில் என்னிடம் கேட்டார். "தெரியலங்கறாங்க, இருக்குங்கறாங்க. தெரியாதது எப்படி பாப்பா இருக்கும்?" ஆனால் அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அண்ணிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவரோ ஒருநாள், "இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல, இனிமே போகாதோ?" என்றார். எங்கள் இருவரையும் கடித்தது ஒரே கொசுவாகக்கூட இருந்திருக்கலாம். என்னை விட்ட நோய் அவரை மட்டும் ஏன் விடவில்லை? என் ரத்தத்தில் என்ன இருந்தது, அவர் ரத்தத்தில் என்ன இல்லை? என் ரத்தம் அவருக்கு உதவுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கேள்விக்கு உதவும்மா. அவங்களுக்கு உதவுமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். எங்கள் பக்கம் மெஷின் நடவுதான். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. எதிர்ப்புச் சக்தி அடங்காமல் இருக்கலாம், நரம்பாக இருக்கலாம் என்று டாக்டரம்மா போனில் விளக்குவார். எனக்குப் புரிவது பாதி. அவருக்கே உறுதியாகத் தெரிவது எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியாது. அண்ணிக்கு நல்ல நாளும் வருகிறது, விழும் நாளும் வருகிறது.

போன மாதம் டாக்டரம்மா கூப்பிட்டு, இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும், என்றைக்கு வசதிப்படும் என்று கேட்டார். அண்ணன் வழக்கம்போல், "கொஞ்சம் நல்லா இருக்கற நாளாப் பாத்துச் சொல்றோங்க" என்றார். பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இன்னிக்கே வரச் சொல்லுங்க. இன்னிக்கு முடியல."

அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். வரச் சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன்.