எலுமிச்சம்பழம் நசுக்கிய பந்தய சைக்கிள்

புக்கிட் பாத்தோக்கில் எங்களுக்கு வீடு கிடைத்த புதிதில், பேருந்து எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கிளமெண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு இரண்டு முறை தாமதமாகப் போய் நின்றாயிற்று. “இன்னொரு தடவை லேட்டுன்னா வேற ஆளு பாத்துக்குறேன்” என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால்தான் சைக்கிள் வாங்கக் கிளம்பினேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சீனர் கடை. அவர் தமிழும் பேசுவார். பழம்பெரும் ஆங்கிலேயக் கம்பெனியின் சைக்கிள்கள் இரண்டை எடுத்து நிறுத்தினார். ஒன்று பந்தய சைக்கிள்: மெல்லிய டயர், கடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், எடையே இல்லை. மற்றது கரடுமுரடான பாதைக்கானது. தடித்த டயர், கனமோ கனம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். எங்கே? கடைவாசலில், வழவழவென்றிருந்த தார்ச் சாலையில். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பந்தய சைக்கிள் பறந்தது.

“உங்க பக்கம் இன்னும் கல்லு ரோடுதானே? பெரிய டயர் எடுங்க லா” என்றார் கடைக்காரர். நான் கேட்டால்தானே. பந்தய சைக்கிளையே எடுத்தேன். “சரி, பிடிக்கலேன்னா ரெண்டு நாள்ல மாத்திக்கலாம். ஆனா புதுசாவே இருக்கணும்” என்று சொல்லி அனுப்பினார்.

கடையிலிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. இரண்டு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் போகும் வழியில், கட்டட வேலைக்காகக் கொட்டிய சரளைக்கல்லில் ஏறியதும் குப்புற விழுந்தேன். முழங்காலுக்கு மருந்து போட்ட என் மனைவி முதலில் சிரித்தாள். நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது.

“பூசை போட்ட வண்டியை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? அந்தக் கடைக்காரருதான் வாங்கிக்குவாரா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் திங்கட்கிழமை, வேலைக்குப் போயாக வேண்டும். அவள் எழுந்து போய்ச் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

“ஓட்ட முடியாத எடத்துல தூக்கிட்டு நடங்க. பையை நான் கொண்டாறேன்.”

காலையில் அப்படியே போனோம். என் தோளில் சைக்கிள், பின்னால் சாப்பாட்டுப் பையோடு அவள். கட்டட வேலையாட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. தார்ச் சாலை வந்ததும் பையை என் முதுகில் மாட்டிவிட்டாள். அங்கிருந்து மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு மிதி.

தொழிற்சாலை கேட் சாத்தியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கேட்டைத் தட்டினேன். உள்ளிருந்து காவலாளி சாவிக்கொத்தோடு கொட்டாவி விட்டபடி வந்தார்.

“என்னண்ணே, இன்னும் தொறக்கவே இல்லையே லா” என்றார்.