சுவர் சரியில்லை

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து, வரைபடத்தின் நான்கு கோடுகளில் தன் கோடு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார் சமன் சார். தேட வேண்டிய அவசியமே இல்லை. அவருடையது தடித்த சிவப்பு. மற்ற மூன்றும் எறும்பு ஊர்ந்த தடம்போலச் சாம்பல் புள்ளிகள்.

எங்கள் துறையில் அவர் மூத்த பேராசிரியர். நான் பக்கத்து அறைக்காரன். கோபுரத்திலிருந்து கிளம்பும் சிக்னல் சுவர்களில் மோதி, ஒன்று பலவாகி, குழம்பிப்போய்த்தான் போனுக்கு வந்து சேரும். அனுப்பியது இன்னதென்று ஒரு துப்பும் கொடுக்காமல் அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுப்பதற்குக் குருட்டுச் சமன்படுத்தல் என்று பெயர். வழிகள் பல. சாரும் ஒரு வழி கண்டுபிடித்தார், தலையில் முடி இருந்த காலத்தில். அன்றிலிருந்து மற்ற மூன்று வழிகளோடு அதை ஒப்பிட்டுக் கோடு போட்டு வருகிறார்.

"நான் நடுநிலைப்பா. எது ஜெயிச்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்பார். அந்தச் சந்தோஷத்துக்கு இதுவரை குறைவு வந்ததில்லை. சோதனைக்கான சுவர்களையும் கணினிக்குள் அவரேதான் கட்டுகிறார்.

வீட்டிலும் இதே நடுநிலைதான். "ரெண்டு டாக்டர்கிட்ட போவாரு. இவரு நெனச்ச வியாதிய எவர் சொல்றாரோ அவர்தான் நல்ல டாக்டர்" என்கிறார் அவர் மனைவி.

போன வருடம் அவருடைய ஆய்வு மாணவி, கைக்குழந்தையோடு படிப்பவர், கணினிச் சுவர்களை விட்டுவிட்டு நிஜப் படிக்கட்டில் சிக்னலைப் பதிவுசெய்து நான்கு வழிகளையும் ஓடவிட்டார். இருப்பதிலேயே பழைய, எளிய வழி முதலில் வந்தது. சாருடையது கடைசி.

சார் திரையில் குனிந்து பார்த்தார். "சுவரு சரியில்லம்மா."

"எல்லாச் சுவரும் இப்படித்தான் சார் இருக்கும்."

"வேற எடத்துல எடும்மா."

எடுத்தார். லிஃப்ட் வாசலில், வண்டி நிறுத்துமிடத்தில், உணவகத்தில். எங்கேயும் கடைசி. உணவகத்தில் தட்டுச் சத்தம் அதிகம் என்றார் சார். ரேடியோ அலைக்குத் தட்டுச் சத்தம் கேட்காது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஆய்வக உதவியாளர் தன் ஸ்குரூடிரைவரிடம் சொன்னார்.

மொட்டை மாடியில் மட்டும் நான்கும் சமமாக வந்தன. "பாத்தியாம்மா?" என்றார் சார், நிமிர்ந்து.

"இங்க சுவரே இல்லியே சார். பிரிக்க என்ன இருக்கு?"

ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கியது. பட்டம் வந்தால்தான் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை நிலைக்கும். கையெழுத்துப் போட வேண்டியவரோ சார். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு மாணவி சார் முன் வந்து நின்றார். "சார், வந்தத எழுதட்டுமா, வர வேண்டியத எழுதட்டுமா?"

நான் எதையோ தேடுகிறவன்போல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். குழந்தை அந்தப் பேனாவுக்குக் கை நீட்டியது.

"வந்ததையே எழுதும்மா." கையெழுத்திட்டார்.

நேற்று வாய்மொழித் தேர்வில் அந்தப் பெண்ணுக்குப் பட்டம் உறுதியானது. முதலில் கைதட்டியவர் சார்தான். கூட்டம் கலைந்து எல்லோரும் படியிறங்கினோம். நான் பின்னால் வருவதை மறந்து, படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் மட்டும் நின்றார். சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.