வாய்க்கால் கரையில் மாப்பிள்ளையின் சட்டை

கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கு பொறுக்குகிறவனுக்குத் தரையில் மூச்சு தீரவே தீராது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை; ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "தண்ணிக்குள்ளேயே அம்புட்டு நேரம் தாங்குதான். இங்கன காத்து ஓசியால்லா கெடக்கு? விட்டா ராமேஸ்வரம் வரைக்கும் ஓடுவான்" என்பேன். கப்பல் ஏஜென்சி ஆபீசில் குமாஸ்தா, கையில் கடிகாரம் வேறு கட்டியவன். நான் சொன்னால் யார் மறுப்பார்கள்?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் தெரு வாலிபர் சங்கத்துச் செயலாளர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு வந்து, திருவிழாவுக்குச் சாக்கு ஓட்டமும் வழுக்குமரமும் போதாது, அரை மாரத்தான் வைத்தே தீருவேன் என்று நின்றார். பழையகாயல் பக்கம் தொடங்கி, திருச்செந்தூர் ரோட்டில் வடக்கே ஓடி, தூத்துக்குடி கடற்கரையில் முடிக்க வேண்டும். பதின்மூன்று மைல். ஓடுகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேகம் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் போட்டார்கள். அவன் பறக்கவும் கூடாது, படுக்கவும் கூடாது. ஒரே சீராக ஓடி, வெயில் ஏறுமுன் தன் ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கல்லூரியில் ஓடியவன் என்று நான் எப்போதோ அளந்திருந்தேன். மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவன் என்பதைச் சொல்லியிருக்கவில்லை. அதனால் என்னையும் பிடித்துப் போட்டார்கள். எந்தக் குழு வேண்டும் என்று கேட்டபோது, சங்கு குளிக்கிற ஐந்து பேரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூச்சு தீராத ஆட்கள். எனக்கு என்ன வேலை? விசில் ஊதுவதுதான்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் என் தங்கச்சி மாப்பிள்ளை.

அவருக்கு அந்த ஓட்டம் விளையாட்டு இல்லை. போன சங்குப் பருவத்தின் கடைசியில் ஒருநாள் தண்ணீரிலிருந்து மேலே வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். டாக்டர் கடலில் இறங்கக் கூடாது என்றார். மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சரி என்ற பிறகும், வள்ளத்தின் தலைவரான தண்டல் அவரை ஏற்றிக்கொள்ளப் பயந்தார். "பதிமூணு மைலும் ஓடிட்டு வந்து என் முன்னால நின்னு பேசு. பெறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மறுநாளே பெயர் கொடுத்துவிட்டார்.

தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். ஓட்டத்துக்கு முந்தின நாள் இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏண்ணே, நீ அவுகளை ஒட்டியே ஓடுவல்லா?"

"ஏளா, பசை தடவி ஒட்டிக்கிடுதேன், போதுமா?"

"சிரிக்காத. கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விடணும்."

அவள் கேட்டதில் ஒரு வழக்கமும் இருக்கிறது. எங்கள் கரையில் ஒருவன் சங்கு குளிக்க இறங்கினால், மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பியிடம் கயிற்றைக் கொடுப்பதில்லை. அவன் பங்காளி, எந்த நேரத்தில் என்ன நினைப்பானோ. மச்சான் அப்படியில்லை. கை தளர்ந்தால் அறுவது அவன் தங்கச்சி தாலி. அதனால் கீழே லேசாக ஆடினாலும் மச்சான்தான் பதறி இழுப்பான். நான் பேனா பிடிக்கப் போனதால் என் சித்தப்பா மகன் கயிறு பிடித்துவந்தான். தரையில் ஓடுவதற்கு மட்டும் நான் கிடைத்தேன்.

விடியுமுன் லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். நான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன். என் ஆட்கள் ஐந்து பேரும் முந்தின ராத்திரியோடு சரி. "தொழிலுக்கு எறங்கும்போது வயித்துல ஒண்ணும் இருக்கப்படாதுல்லா அண்ணாச்சி" என்றார், ஐவரில் மூத்தவர். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

விசில் ஊதினேன். ஐந்து பேரும் நெஞ்சு நிறைய இழுத்தார்கள், வாயை இறுக்கினார்கள், பறந்தார்கள். கண்ணுக்கு எட்டிய மைல்கல் வரைக்கும் ஒரே மூச்சு. அங்கே போய், வள்ளத்தின் ஓரத்தைப் பிடிப்பது போல மைல்கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு 'ஊஃப்' என்று ஊதினார்கள். நான் சீராக ஓடி அவர்களைக் கடந்தேன். கொஞ்சம் கழித்து, வாயை மூடியபடி ஐந்து பேரும் என்னைக் கடந்தார்கள். அடுத்தது ஒரு பனைமரம், அதற்கடுத்தது ஒரு மதகு. முங்கி எழுந்து, முங்கி எழுந்து ஓடினார்கள். சீரான வேகத்தில் ஓடியது அந்தக் குழுவில் நான் ஒருத்தன்தான்.

"மாப்ள, மூச்சை விட்டுக்கிட்டே ஓடுங்க!"

"விட்டா தீந்துபோவும்லா மச்சான்!"

முள்ளக்காட்டில் பானையில் எலுமிச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் ஆட்கள் வாங்கி, கொப்பளித்து, துப்பிவிட்டார்கள். குடித்தால் மூச்சு நிற்காதாம். வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் உப்பளம்; குவித்துவைத்த உப்பில் பட்டு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வயிற்றில் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, நெஞ்சில் காற்றும் இல்லாமல் ஐந்து பேரை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேகம் பிடிக்க வந்தவன் பயந்தால் குழுவுக்கும் தொற்றுமே என்று சினிமாப் பாட்டுப் பாடிப் பார்த்தேன். பாட்டு வரவில்லை, ஏப்பம் வந்தது.

மாப்பிள்ளை பேச்சை நிறுத்தியிருந்தார். உதடு வெளுத்திருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்தார்; துடைத்த கையை உடனே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன அது, காட்டுங்க."

"சளி மச்சான்."

"காட்டுங்கன்னா காட்டணும்."

"சளியைப் போய்க் காட்டவா சொல்லுதிய?"

அதற்குமேல் எப்படிக் கேட்பது? கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் வந்தார்கள். ஒருமுறை எண்ணினேன், மறுமுறை எண்ணினேன். பயந்தவன் எண்ணினாலும் நாலு நாலுதான்.

"மாப்பிள்ளைய எங்க காணோம்?"

"பின்னாலதான வந்தான்" என்றார் மூத்தவர். பிறகு இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "கயிறு உங்க கையிலல்லா இருக்கு அண்ணாச்சி? எங்களக் கேட்டா?" என்றார்.

கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசிலை அவர் கழுத்தில் மாட்டினேன். "இதே வேகம். அடுத்த பானையில தண்ணி குடிக்கலன்னா ஒருத்தனையும் நான் விடமாட்டேன்" என்று கத்திவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினேன்.

அன்றைக்கு நான் உண்மையில் வேகமாக ஓடியது அந்தத் தூரம்தான், அதுவும் தப்பான திசையில். எதிரே வந்த குழுவிலிருந்து ஒருவன், "ஏலே, தூத்துக்குடி அங்கன!" என்று கை காட்டினான். சைக்கிளில் போன ஒருவர், "வீட்டுல அடுப்ப அணைக்காம வந்துட்டாரோ" என்றார். வேறு நாளாக இருந்தால் அதை நானே சொல்லியிருப்பேன். மனசுக்குள் தங்கச்சியிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே ஓடினேன். 'ஒண்ணுமில்லளா, லேசா மயக்கம்.' சரியில்லை. 'பதறாத, பெரியாஸ்பத்திரில இருக்காரு.' அதுவும் சரியில்லை. அடுத்த வாக்கியத்தை நினைக்கப் பயந்து, முதல் வாக்கியத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன்.

ரோட்டை ஒட்டி உடைமரப் புதர். அதற்கு அப்பால், கடல் தண்ணீரை உப்பளத்துக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். புதரின் இடைவெளியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இறங்கிப் போனேன். வாய்க்கால் கரையில் மாப்பிள்ளையின் சட்டை கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் காணோம். ஊக்கு குத்திய ஓட்டைகள் மட்டும் இருந்தன. மூளை உள்ளவன் யோசித்திருப்பான், முங்கப் போகிறவன் ஊக்கைக் கழற்றி நம்பரை எடுத்துக்கொண்டா போவான் என்று. எனக்கு அட்டையை மீன் தின்றுவிட்டது என்றுதான் தோன்றியது.

வாய்க்கால் பச்சையாக, அசையாமல் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கூச்சல் போட்டிருப்பேன். இவர் சங்கு குளிக்கிறவர். சூடு தாங்காமல் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இல்லை, போயே போயிருக்கலாம். மேலே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? வள்ளத்தில் நிற்கிற மச்சானுக்குக் கயிறு சொல்லும். எனக்குக் கடிகாரம் இருந்தது, பார்த்தேன், முள் எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் நாலைந்து குமிழி வந்து உடைந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டுக் குதித்தேன்.

தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. அது தெரியும்வரை நன்றாகவே மூழ்கினேன். எழுந்து நின்று, சேற்றைக் காலால் துழாவி, குனிந்து கையால் துழாவினேன். பெரிய நண்டு ஒன்று விரலைப் பிடித்தது. மாப்பிள்ளை கிடைத்துவிட்டார் என்று இழுத்தேன்.

"யய்யா, அங்கன என்னத்தத் தேடுதிய?"

எதிர்க்கரையில், தலையில் உப்புக் கூடையோடு ஓர் அம்மா நின்றார்.

"ஆளு! ஆளு ஒண்ணு விழுந்துட்டு!"

"சட்டை இல்லாத ஆளா? கறுத்து, ஒல்லியா?"

தலையை ஆட்டினேன்.

"அந்தப் பிள்ள எங்ககிட்ட நீராகாரம் ரெண்டு செம்பு வாங்கிக் குடிச்சிட்டு, கரையோடயே போயி ரோட்டுல ஏறிட்டே. எங்க மச்சான் முன்னால போயிட்டாரு, விட்டா பயந்துருவாருன்னு ஓடுச்சு. நீங்க யாரு?"

நான் யார் என்று சொல்லவில்லை. அவர் நின்ற கரையில் ஏறப் பார்த்தேன், சேறு வழுக்கியது. அந்த அம்மாதான் கையைக் கொடுத்து இழுத்துவிட்டார்.

கையில் துடைத்தது சளியா ரத்தமா என்பதைத் தவிர, நடந்தது இதுதான். வெயில் தாங்காமல் மாப்பிள்ளை வாய்க்காலில் சட்டையை முக்கித் தலையிலும் நெஞ்சிலும் பிழிந்துகொண்டார். தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. உப்புத் தண்ணீரில் நனைந்த சட்டை காய்ந்தால் அக்குளை அறுக்கும் என்று அதைக் கரையில் போட்டுவிட்டு, நம்பர் அட்டையை மட்டும் கழற்றி அரைஞாண் கயிற்றில் குத்திக்கொண்டார். மற்ற நாலு பேரையும் எட்டிப் பிடித்து, வெயில் உச்சிக்குப் போகுமுன் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். தண்டல் முன்னால் நின்று பேசினார். தண்டல் அவரை வள்ளத்தில் சேர்த்துக்கொண்டார். நான் உப்பு லாரியில் ஏறி மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளை குளித்து, சாப்பிட்டு, உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்.