மேப்பில் நான் சேர்த்த சந்து

ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்க, எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில்தான் ஸ்கூட்டரில் போவேன். அதையும் ரோடு என்று போனில் வழி காட்டும் மேப்பில் பெருமையாகச் சேர்த்தவன் நானே. சில வாரங்களில் வெளியூர்க் கார்கள் அதில் நுழைய ஆரம்பித்தன.

போன மாதம், குழாயடியில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு மேரி அக்காவின் காலில் ஒரு கார் ஏறிவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"எந்தப் பாவி இந்த சந்த மேப்ல போட்டானோ! நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன் தம்பி?" என்று அழுதார்.

அந்த வழியை நீக்கச் சொல்லி மேப் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். இப்போது பத்து நிமிடம் முன்பே கிளம்பி மெயின் ரோட்டில் போகிறேன். அக்காவிடம் நேரில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. இந்தப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தை அவர் வாராவாரம் தவறாமல் படிப்பார்.