சோணையம்மாள் படித்த ஒரே சீனச் சொல்

காளவாசலில் இட்லி விற்கும் சோணையம்மாளுக்கு அன்று விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கொப்பரையை இறக்குவாள், வாசலுக்கு ஓடுவாள், எதற்கு வந்தோம் என்று முழிப்பாள். சாயங்கால ரயிலில் மகன் மலையாண்டியும் மருமகளும் கிளம்புகிறார்கள். நாகப்பட்டினம் போய்க் கப்பலேறிவிட்டால் பினாங்குதான். பெற்ற பிள்ளையை இனி என்றைக்குப் பார்ப்பது?

எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்டது. யுத்தம் முடிந்து, பினாங்குக்குப் பிழைக்கப் போயிருந்த மலையாண்டி சியூலான் என்ற சீனப்பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். தெருவே வாயைப் பிளந்தபோதும் சோணையம்மாள் ஆரத்தி எடுத்துத்தான் அழைத்தாள்; அந்த மட்டும் மெச்ச வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால், மருமகள் ஊதுபத்தியோடு அடுப்பின் முன் நின்று என்னவோ முணுமுணுக்கிறாள்.

"அடியாத்தி! செய்வினை வைக்கிறாளே!"

பத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். அன்றிலிருந்து சியூலான் அடுப்படிப் பக்கம் வந்தாலே சோணையம்மாளின் கை நிலையில் குறுக்கே நீளும். ஒரு மாதமாக அந்தப் பெண்ணுக்குக் கூடத்தில்தான் சோறு. அதிலும் பாதியை வைத்துவிடுவாள்.

பெட்டி கட்டும்போதுதான் மலையாண்டி வாயைத் திறந்தான்.

"அவுகளுக்கு அடுப்புலதான் ஆத்தா சாமி. புகுந்த வீட்டுல மொதப் பத்தி அதுக்குத்தான் பொருத்துவாக."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னடா, எடுபட்ட பயலே!"

"நீ எங்க பேசவிட்ட?"

சோணையம்மாளுக்குத் திக்கென்றது. அவள் அடுப்பு மூலையிலும் குலசாமிப் பானை இருக்கிறதே! வெள்ளி தவறாமல் விளக்கு வைக்கிறாளே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அடுப்படிக்கு அவ பாஷையில என்னடா?"

"சௌகா."

சௌகா, சௌகா என்று கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சாம்பார் அடிப்பிடித்தது. இட்லி வாங்க வந்த பேயாண்டியிடமும் "சௌகா" என்றாள். மனுஷன் மிரண்டுபோய்க் கிண்ணத்தை வைத்துவிட்டே போய்விட்டான்.

குதிரைவண்டி வந்து நின்றது. சோணையம்மாள் அடுப்படி நிலையில் நின்றபடி கூப்பிட்டாள்.

"சியூலான், சௌகா. வா தாயி."

சியூலான் நிமிர்ந்தாள். எழுந்து நாலடி வந்து, நின்றுவிட்டாள்.

"இன்னும் என்னத்தா?" என்றாள் சோணையம்மாள்.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிலையைப் பார்த்தாள். சோணையம்மாளும் திரும்பிப் பார்த்தாள். ஒரு மாதப் பழக்கம்; அவள் கை குறுக்கே நீண்டு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெடுக்கென்று எடுத்தாள். அதே கையால் ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் நீட்டினாள்.

வண்டிக்காரன் வாசலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சியூலான் உள்ளே போய்க் குச்சியை உரசினாள்.