எக்ஸ்ரே எடுக்காத இருமல்

ஜஹீராவுக்கு இருமல் தொடங்கியது ரம்ஜான் முடிந்த வாரத்தில். வளைகுடா நகரம் ஒன்றில் ஏழாவது மாடி ஃபிளாட். கணவன் முதாசிர் ஏசி உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் ரூக்சார் நான்காம் வகுப்பு. ஊர் மேற்குத் தாம்பரம் என்றாலும், கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒன்பதை அவள் வளைகுடாவில்தான் கழித்திருந்தாள்.

முதல் மாதம் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அடுத்த மாதம் தூசுக்காற்று என்றார்கள். மூன்றாம் முறை கிளினிக்குக்குப் போனபோது மலையாளி டாக்டர் இருமல் மருந்து எழுதாமல் பேனாவை மூடி வைத்தார். “ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாம்.”

அவள் வாய் திறப்பதற்குள் முதாசிர் பதில் சொல்லிவிட்டான். “வேணாம் டாக்டர். ஊருக்குப் போறோம், அங்க பாத்துக்குறோம்.”

ஊருக்குப் போகும் எண்ணமே அப்போது இல்லை. காரில் ஏறியதும் சொன்னான். “எக்ஸ்ரேல ஏதாவது தெரிஞ்சா கவர்மெண்டுக்கு ரிப்போர்ட் போயிடும் ஜஹி. அப்புறம் உன் விசா அவ்ளோதான். கொஞ்சம் பொறுத்துக்க.”

அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்கே தேனும் ஆவி பிடிக்கும் மெஷினும் வாங்கி வந்தான். அவளாகவே தனித் தட்டில் சாப்பிடத் தொடங்கினாள். ரூக்சாரை முத்தமிடுவதையும் நிறுத்திக்கொண்டாள். ஆனால் படுக்கை மட்டும் ஒன்றாகவே இருந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் ரூக்சாருக்குத் தூக்கம் வராது.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் டிஷ்யூவில் ரத்தம் வந்தது. பயம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. டிஷ்யூவை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு மகளின் யூனிஃபார்மை அயர்ன் பண்ணப் போனாள். முதாசிரிடம் சொல்லவே ஒரு வாரமானது. அவன் உடனே டிக்கெட் போட்டான், அவளுக்கு மட்டும்.

“மாஸ்க் போட்டுக்க. ஏர்போர்ட்ல இருமாமப் பாத்துக்க.”

சரி என்று தலையாட்டினாள்.

தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அத்தாவுல்லா, அவள் வந்திறங்கிய மறுநாளே அவளை நெஞ்சு நோய்க்கான சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். காலேஜ் படித்த மூன்று வருஷமும் ரயிலில் கடந்த இடம். உள்ளே போனது அன்றுதான். சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது.

“டிபி. ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. குணமாயிடும்,” என்றார் டாக்டர்.

ஐந்து மாதம் ஒளித்து வைத்த விஷயம் அவ்வளவு சாதாரணமாக மேசைமேல் வந்து விழுந்தது. யாரும் விசாவைக் கேட்கவில்லை.

மாத்திரை கொடுக்கும் இடத்தில் கங்கையம்மாள் என்ற ஊழியர் விவரம் எழுதிக்கொண்டார். “வூட்ல எத்தினி பேரு?”

“நானும் அத்தாவும்.”

“அது இங்க. அங்க?”

“வீட்டுக்காரரு. பொண்ணு, ஒம்பது வயசு.”

“பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?”

இல்லை என்று ஜஹீரா தலையசைத்தாள்.

“எடுக்கணும்மா. உன் பக்கத்துல படுத்துகினு இருந்த கொழந்த.”

அன்று மதியம் முதாசிருக்கு போன் செய்தாள்.

“இங்க எடுத்தா மாட்டிக்குவோம். அவளுக்கு இருமலே இல்லையே,” என்றான்.

“அப்ப இங்க கூட்டிட்டு வாங்க மச்சான்.”

“ஸ்கூல் இருக்கு ஜஹி.”

“நீங்க கூட்டிட்டு வரலைன்னா ஸ்கூலுக்கு நானே போன் போட்டு எனக்கு டிபின்னு சொல்லிடுவேன்.”

யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது அவள் குரல்.

“நீ இப்படிப் பேசுவேன்னு நெனக்கல.”

“நானும்தான் நெனக்கல.”

பத்து நாளில் மகளோடு வந்தான். ரூக்சாரின் கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அந்த இடம் தடித்திருந்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. “நோய் இல்ல. கிருமி மட்டும் உள்ள தூங்குது. அது எழும்பாம இருக்க மூணு மாசம், வாரம் ஒருவாட்டி மாத்திரை,” என்றார் டாக்டர். முதாசிர் மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தானாகவே போய்த் தன் பெயரையும் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை.

லீவு முடிந்து தனியாகத் திரும்பிப் போனான். ரூக்சாரைச் சேலையூரில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அவள் இரண்டு வாரம் அழுதாள். பிறகு அழவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜஹீராவின் சளியில் கிருமி இல்லை. டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “முழுசா சரியாயிடுச்சு. இந்தத் தழும்பு மட்டும் இருக்கும். ஒண்ணும் செய்யாது.”

“விசா மெடிக்கல்ல இது தெரியுமா சார்?”

“தெரியும். குணமாயிடுச்சுன்னு நான் சர்ட்டிஃபிகேட் தர்றேன். அவங்க ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

வெளியே வந்ததும் முதாசிர் கூப்பிட்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

“இப்ப என்ன பண்றது?” என்றான்.

“சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிங்க நெறைய இருக்கு. நீங்க இங்க வந்துடுங்க.”

“பாக்கலாம்.”

“பாருங்க மச்சான். நான் இனிமே அங்க வரல.”

போனை வைத்த பிறகு, அழுகையாவது நிம்மதியாவது வரும் என்று மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தாள். இரண்டும் வரவில்லை. நன்றாகப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு இட்லி வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, ரூக்சாரின் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.