கல்யாண மண்டபத்தில் என் வரைபடம்

பூமியின் காந்தப்புலத்தைப் பற்றி நான் ஆராய்ச்சி செய்தேன். திருவொற்றியூரில் அதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. "காந்தம்னா, ஹார்பர்ல இரும்பு தூக்குமே, அதாக்கா?" என்று தம்பி கேட்டான். அவன் வெல்டர். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குப் போய், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் காற்றைப் போல ஓயாமல் வீசுகின்றன, அந்தக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கம் நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது என்று அவனுக்குச் சொன்னேன். வாலில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். தாங்க முடியாதபோது வெடித்துக் கொட்டும். துருவத்து வானில் பச்சை ஒளி ஆடுவது அப்போதுதான்.

"நம்ம ஊர்ல தெரியுமா?"

"தெரியாதுடா."

"அப்பறம் இன்னாத்துக்கு மண்டைய ஒடைச்சிக்கினு கீற?" என்று சிரித்தான்.

அந்த வெடிப்புகளில் இருந்த ஒழுங்குதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. சின்ன வெடிப்புகள் ஏராளம், பெரியவை அபூர்வம். ஆனால் இரண்டும் பிறப்பது ஒரே விதியில். யாரும் ஏற்பாடு செய்யாமலே அந்த அமைப்பு தன்னை விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறது. 'பெரிய வெடிப்புக்கென்று தனிக் காரணம் தேட வேண்டியதில்லை' என்று ஆய்வேட்டில் எழுதினேன். என் நெறியாளர் அந்த வரியை அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'பிரமாதம்' என்று எழுதிக் கொடுத்தார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில் தம்பி ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாப்பிடும்போது ஒரு நாள் சொன்னான்: "குளோரின் டேங்க்ல சேஃப்டி வால்வு ஜாம் ஆயி கீதுக்கா. சொன்னா, அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்றானுங்க." அம்மா அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அந்த ஷட்டவுன் வருவதற்குள் வாயு கசிந்தது. பட்டப்பகல். தெருவெல்லாம் ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு ஓடியது. தம்பி டேங்குக்குப் பக்கத்திலேயே இருந்தான். உயிர் தப்பியது, நுரையீரல் வெந்துபோனது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

விசாரணைக் குழு எங்கள் ஏரியாவுக்கு வந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. முந்தின முகூர்த்தத்தின் காகிதப் பூக்கள் மேடையில் அப்படியே இருந்தன. தொழிற்சாலை தன் தரப்புக்கு ஒரு நிபுணரை அழைத்து வந்திருந்தது. மேடையேறியவர் என் நெறியாளர்.

சிக்கலான அமைப்புகளைப் பற்றி அழகாகப் பேசினார். திரையில் ஒரு வரைபடம் வந்தது. நான் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்ட காந்தவால் வெடிப்பு வரைபடம். "இயற்கையே இப்படித்தான் இயங்குது. பெரிய விபத்துக்குன்னு தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, இது நீ எழுதுனதுதான?"

நான் எழுந்தேன். "சார், காந்தவாலுக்கு மேனேஜர் கிடையாது. அங்க வால்வு ஜாம் ஆயிருக்குன்னு யாரும் போய்ச் சொல்லல, அப்பறம் பாத்துக்கலாம்னு யாரும் தள்ளிப் போடல. இங்க சொன்னாங்க. சொன்னவன் இதோ உக்காந்திருக்கான்."

அவர் கோபப்படவில்லை. குழுவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "என் மாணவிதான். ரொம்பக் கெட்டிக்காரி. தம்பிக்கு இப்படி ஆயிடுச்சு, அதான் உணர்ச்சிவசப்படறாங்க. பாவம்."

குழுத் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். தம்பி பேச எழுந்தான், இருமல் பிடித்துக்கொண்டது. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிர்பாராத இயந்திரக் கோளாறு என்று அறிக்கை வந்தது. தொழிற்சாலை மறுபடி ஓட ஆரம்பித்தது. நெறியாளர் பழிவாங்குவார், என் பட்டத்தை இழுத்தடிப்பார் என்று பயந்தேன். ஒன்றுமில்லை. ஆய்வேட்டில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிச் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூடக் கேட்டார். அன்று மண்டபத்தில் நடந்தது எதுவுமே அவர் மனசில் தங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. சேர்ந்து எழுத முடியாது என்றேன். வேறொரு மாணவரை வைத்து எழுதி வெளியிட்டார்.

நான் இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தவால் பக்கம் போவதில்லை.

போன வருஷம் அந்தத் தொழிற்சாலை தம்பியைக் கூப்பிட்டு கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தது. நீலச் சட்டையும் விசிலும் வாங்கிக்கொண்டு வந்தான். "அங்கயேவாடா போவ?" என்று கத்தினேன்.

சட்டையை மடித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "வேற எவன்க்கா என்னிய வேலைக்கு வச்சிப்பான்? நீயே சொல்லு."

அம்மா அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.